செயற்கைக்கோள் படங்களும் கிராம அடங்கலும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடபால் கொள்ளிடமாகவும் தென்பால் காவிரியாகவும் ஓடி, இடையே ஸ்ரீரங்கம் தீவை அமைத்திருப்பது இந்த ஜில்லாவில் யாவரும் அறிந்த விஷயம். இத்தீவிலும் இரு கரைகளிலும் உள்ள நஞ்செய்களில் நெல்லும் வாழையும் விளைவதற்கு வேண்டிய தண்ணீர் இவ்விடத்து மழையினால் மாத்திரம் கிடைப்பதன்று. ஆனி, ஆடி மாதங்களில் குடகு மலையிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையே மேட்டூர் நீர்த்தேக்கத்தை நிரப்பி, உய்யக்கொண்டான் முதலான வாய்க்கால்களில் பாய்கிறது. அம்மழையைக் கொண்டுவரும் மேகங்களோ பல தேசங்களின் கரைகளைத் தொடும் சமுத்திரத்தின்மேல் திரள்பவை. ஆகவே ஸ்ரீரங்கத்து வயலின் நன்மை தீமைகளை முன்னறிய வேண்டுமாயின், ஓர் ஊரையோ ஒரு ராஜ்யத்தையோ பார்த்தால் போதாது. பூமியின் பெரும்பரப்பை ஒருங்கே பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்க்கும் வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்து வருகின்றன. அவை எடுக்கும் படங்கள் வானிலை அறிவிப்புக்கு மாத்திரமன்றி, எந்தக் கிராமத்தில் எவ்வளவு நெல் நடப்பட்டது, எங்கே நடவு தவறிற்று, எங்கே வெள்ளம் நின்றது என்று கணக்கிடுவதற்கும் உபயோகமாகின்றன. அக்கணக்கு பயிர்க் காப்பீட்டில் பட்டாதாரரின் கைக்கு வந்து சேரும் தொகையைப் பாதிக்கக் கூடியது. ஆதலால் அது எவ்வாறு உண்டாகிறது, அதில் எங்கே பிழை நேரக்கூடும், அதனைத் திருத்த யார் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைக் குடியானவர்களும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பல தேசங்கள் கூடிச் செய்யும் மராமத்து

ஒரு வாய்க்காலைத் தலைப்பு முதல் கடைமடை வரையில் ஒரே பட்டாதாரர் தூர் எடுத்துவிட இயலாது. அவரவர் நிலத்துக்கு எதிரேயுள்ள பங்கை அவரவர் வெட்டினால்தான் எல்லோருக்கும் தண்ணீர் வரும். குடிமராமத்து என்று முன்னோர் வகுத்த இம்முறையே பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள் விஷயத்திலும் தேசங்களுக்குள் அமைந்திருக்கிறது. ஒரு தேசம் கோளைச் செய்கிறது. மற்றொன்று அதனை ஏவுகிறது. வேறொன்று செய்தியை இறக்கும் நிலையத்தை அமைக்கிறது. எல்லோரும் படங்களைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

இந்தியாவில் இவ்வேலை தொடங்கிய வரலாறே இதற்குச் சான்று. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு ஏவப்பட்டது. ராக்கெட்டு அமெரிக்காவினது, அதனுள் வைக்கப்பட்ட ஸோடியம் ஆவிக் கருவி பிரான்ஸினது. பின்னர் அந்நிலையம் 1968-இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அமெரிக்கா 1972-இல் அனுப்பிய முதல் லாண்ட்ஸாட் கோள் பூமியின் நிலவளத்தைப் படமெடுக்கத் தொடங்கியது. அவ்வரிசைக் கோள்களின் செய்தியை ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள ஷாத்நகர் நிலையத்தில் இந்தியா 1979 முதல் நேரே பெற்று வந்தது. அதே 1979-இல் இந்தியாவின் பாஸ்கரா கோளும், 1988-இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நிலவளக் கோளும் சோவியத் ராக்கெட்டுகளில் ஏறி விண்ணை அடைந்தன. கைமாறாக இந்தியக் கோள்கள் எடுத்த படங்கள் பிற்காலத்தில் பிற தேசங்களின் நிலையங்களிலும் இறக்கப்பட்டன.

பிறர் நிலத்தை மேலிருந்து பார்ப்பதில் வழக்கு நேராதோ என்ற கேள்வியும் எழுந்தது. 1986 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதற்கென்று கோட்பாடுகளை வகுத்தது. அவற்றின் பிரகாரம், எந்தத் தேசத்தின் நிலம் படமெடுக்கப்படுகிறதோ அந்தத் தேசத்துக்கு அப்படங்களைப் பாகுபாடின்றி நியாயமான விலையில் பெறும் உரிமை உண்டு. லாண்ட்ஸாட் படங்கள் 2008 முதல் விலையின்றியே யாவருக்கும் கிடைக்கலாயின. ஐரோப்பிய தேசங்கள் 2014 முதல் அனுப்பிவரும் சென்டினல் கோள்களின் படங்களும் அவ்வாறே இலவசமாகக் கிடைக்கின்றன.

மழையை அளப்பதிலும் இத்தகைய கூட்டு உண்டு. இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 2011-இல் மேகா-டிராபிக்ஸ் என்னும் கோளை அனுப்பின. அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 2014-இல் உலக மழையளவைக் கோளை அனுப்பின. மழைமானி இல்லாத மலையிலும் கடலிலும் பெய்யும் மழையை மதிப்பிட இவை உதவின. வெள்ளம், புயல், பூகம்பம் நேர்ந்தபோது தத்தம் கோள்களின் படங்களைக் கட்டணமின்றி உடனே கொடுப்பதென்று விண்வெளி நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று 2000 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அதில் 2001-இல் சேர்ந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோர ஜில்லாக்களைத் தாக்கியபோது இவ்வுடன்படிக்கை செயற்படுத்தப்பட்டது.

இக்கூட்டு முயற்சிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று நிசார் என்னும் கோள். 2014-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி உருவாகி, 2025-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் ஏவப்பட்டது. இதில் நெடிய அலை ரேடாரை அமெரிக்காவும், அதனினும் குறுகிய அலை ரேடாரை இந்தியாவும் செய்தன. 12 மீட்டர் குறுக்களவுள்ள வலைக்குடை போன்ற ஏற்பி ஒன்று அதில் விரிக்கப்பட்டுள்ளது. சுமார் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இக்கோள் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. முறைப்பாசனத்தில் முறைத் தண்ணீர் வருவதுபோலத் தவறாமல் முறை வைத்து வருவதே இதன் பயன். ஒரு வயலை ஒருமுறை பார்ப்பதால் அறியக்கூடியது சொற்பம். அதே வயலை முறைதோறும் பார்த்து வந்தால் அதன் பருவம் முழுவதும் விளங்கும்.

மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் விதம்

செயற்கைக்கோள்களின் கண் இருவகை. முதல் வகை, சூரிய வெளிச்சத்தில் படமெடுப்பது. பச்சை இலை கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலையில் அது குறையும். 1970-ஐ ஒட்டிக் கேரளத்தில் பேராசிரியர் பி. ஆர். பிஷாரடி என்பவர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தென்னந்தோப்புகளைப் படமெடுத்து, வாடல் நோய் கண்ட மரங்களை இம்முறையில் அடையாளம் கண்டார். இந்திய தேசத்தில் தொலையுணர்வு ஆராய்ச்சி ஒரு பயிர் நோயை அறியும் பொருட்டே தொடங்கியது என்பது விவசாயிகள் நினைவில் வைக்கத் தக்கது.

ஆனால் இவ்வகைக் கண்ணை மேகம் மறைத்துவிடும். இந்த ஜில்லாவில் சம்பா நடவும் தூர் கட்டுதலும் நடக்கும் புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலான காலமே வடகிழக்குப் பருவ மழைக்காலம். பார்க்க வேண்டிய சமயத்தில் வானம் மூடியிருக்கும். இக்குறையைத் தீர்ப்பது இரண்டாவது வகையாகிய ரேடார். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகத்தையும் இருளையும் அந்த அலை கடந்து செல்லும்.

நெல் வயல் ரேடாரில் காணும் விதம் எளிதில் விளங்கக் கூடியது. உழுது பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் சமமாக இருப்பதால், அலை அப்பால் எகிறிப் போய்விடும். படத்தில் அவ்வயல் கறுப்பாகத் தோன்றும். நடவு பிடித்துப் பயிர் தூர் கட்டி உயரும்போது, தண்டிலும் இலையிலும் பட்ட அலை திரும்பி வரும். முறைதோறும் வயல் வெளுத்துக்கொண்டே வரும். எந்த முறையில் கறுத்தது, எந்த முறையிலிருந்து வெளுக்கத் தொடங்கிற்று என்று ஒப்பிட்டால் நடவுத் தேதியை உத்தேசமாகக் கூறலாம். கறுக்காமலே இருந்த நிலத்தில் அப்பருவத்தில் நடவு நடைபெறவில்லை என்று கொள்ளப்படும். வாழைத் தோட்டமோ வருஷம் முழுவதும் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கும்; நெல் வயலின் கறுப்பும் வெளுப்புமான வரிசை அதில் இராது.

காவிரிப் பாசனத்தில் நடந்த பரீட்சை

இம்முறை தமிழ்நாட்டு நெல் வயல்களிலேயே பரீட்சிக்கப்பட்டது. 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், சுவிட்ஸர்லாந்து, ஜெர்மனி தேசங்களின் உதவி நிறுவனங்கள், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவை ஒன்று சேர்ந்தன. ஆரம்பத்தில் இத்தாலிய, ஜெர்மானிய ரேடார் கோள்களின் படங்களும், பிறகு ஐரோப்பிய சென்டினல் படங்களும் எடுத்தாளப்பட்டன. ஆசியாவில் பல இடங்களில் செய்த முதற் பரீட்சைகளில், நெல் எது, நெல்லல்லாதது எது என்னும் தீர்ப்பு நூற்றுக்கு 85 முதல் 95 வரையில் சரியாயிருந்ததென்று அவ்வாராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

2016-ஆம் ஆண்டு இதற்கு ஒரு சோதனையாக வாய்த்தது. ஜூன் 12-இல் திறக்கும் வழக்கமுடைய மேட்டூர் அணை அவ்வாண்டு செப்டம்பர் 20-இல்தான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவ மழையும் தமிழ்நாட்டில் சராசரிக்கு 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அமலுக்கு வந்த முதலாண்டும் அதுவே. விதைப்பு நடைபெறாமற் போன கிராமங்களை அடையாளம் காண்பதில் செயற்கைக்கோள் அளவை அப்போது கைகொடுத்தது. பின்னர், 2023 காரீப் பருவம் முதல் நெல், கோதுமைப் பயிர்களின் மகசூல் மதிப்பில் 30 சதவிகிதத்துக்குக் குறையாத பங்கை இத்தகைய தொழில்நுட்பக் கணக்குக்குத் தருவதென்று மத்திய அரசு வகுத்தது.

ஆகாயக் கண்ணின் குறைகள்

நூற்றுக்கு 85 அல்லது 95 சரி என்றால், ஐந்து முதல் பதினைந்து வரை தவறு என்பதே பொருள். ஆராய்ச்சிக்கு அது சொற்பத் தவறு. அத்தவறு விழுந்த வயலுக்கு உடையவருக்கு அது முழுத் தவறு. ஆகையால் எந்தெந்த இடத்தில் பிழை நேரக்கூடும் என்று தெரிந்திருப்பது நலம்.

முதலாவது, வயலின் சிறுமை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுள்ள ஒரு படப்புள்ளி ஏறக்குறைய இரண்டரை செண்டு நிலத்தைக் குறிக்கும். ஓர் ஏக்கருக்கு 40 புள்ளிகள். லாண்ட்ஸாட் படத்தில் ஒரு புள்ளியே சுமார் 22 செண்டு. ரேடார் படத்தில் இயல்பாகத் தோன்றும் புள்ளிக் கலக்கத்தை நீக்கப் பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுண்டு. ஆகவே வாழைக் கொல்லைகளுக்கு நடுவே அகப்பட்ட அரை ஏக்கர் நெல் வயல் தன் உருவை இழந்து வாழையோடு சேர்ந்துவிடலாம்.

இரண்டாவது, நேரடி விதைப்பு. புழுதியில் விதைத்து மழைக்கு முளைக்க விட்ட வயலில், நடவு வயலைப்போல் தொடக்கத்தில் தண்ணீர் நிற்பதில்லை. அதனைத் தரிசென்றோ, பிந்தி நட்டதென்றோ கருவி மயங்கக் கூடும்.

மூன்றாவது, தண்ணீர் நிற்பதின் காரணம். நடவுக்குக் கட்டிய தண்ணீரும், வடிகால் அடைத்துத் தேங்கிய வெள்ளமும் ஒரே படத்தில் ஒரே கறுப்பாகவே இருக்கும். கொள்ளிடக் கரையோரப் படுகை நிலங்களில் இவ்வையம் அடிக்கடி எழத்தக்கது. முந்திய முறைகளின் படங்களாலும், தரையிலிருந்து வரும் செய்தியாலுமே இது தெளிய வேண்டும்.

இவற்றைக் கண்டே, எந்தச் செயற்கைக்கோள் கணக்கும் தரையில் சென்று எடுத்த சான்றோடு ஒப்பிடப்படுகிறது. சிற்சில வயல்களில் நின்று, இன்ன பயிர், இன்ன தேதி நடவு, இன்ன வயது என்று குறித்துவந்து, அதைக் கொண்டே கருவிக்குக் கற்பிக்கிறார்கள். நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுக்கும் பயிர் அறுவடைப் பரீட்சையும் நின்றுபோகவில்லை.

அடங்கலின் பொறுப்பு

கிராமத்தில் தரைச் சான்றாக நிலைத்திருப்பது அடங்கல். கர்ணம் உத்தியோகம் 1980-இல் நீக்கப்பட்ட பிறகு, சர்வே எண்வாரியாகப் பயிரும் பரப்பும் காட்டும் இக்கணக்கைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதி வருகிறார். 2024-இல் தமிழ்நாட்டில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மின்னணுப் பயிர் அளவையும் நடத்தப்பட்டது. எழுதும் கருவி மாறினும் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த எண்ணில் இன்று நிற்பது என்ன பயிர்?

உதாரணமாக, அந்தநல்லூர் பக்கத்தில் ஒரு பட்டாதாரருக்கு ஒரே சர்வே எண்ணில் இரண்டு ஏக்கர் நஞ்செய் இருப்பதாகக் கொள்க. ஓர் ஏக்கரில் சம்பா நட்டு, மற்றோர் ஏக்கரில் பூவன் வாழை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்து இரண்டு ஏக்கரும் நெல் என்று அடங்கலில் எழுதப்படுகிறது. அவரும் இரண்டு ஏக்கர் நெல்லுக்கே பிரிமியம் கட்டிவிடுகிறார். படத்தில் ஓர் ஏக்கரே நெல்லாகத் தெரியும். இவ்வாறு பலர் செய்தால், கிராமத்தில் காப்பீடு செய்த பரப்பு சாகுபடிப் பரப்பை மிஞ்சும். அப்போது காப்பீட்டுத் தொகையை விகிதப்படி குறைத்துக் கணக்கிடுவதற்கு விதிகளில் இடமுண்டு. மேலும், நெல்லுக்கு இழப்பீடு தனித்தனி வயலைப் பார்த்து அன்று, கிராமச் சராசரி மகசூலைப் பார்த்தே கணக்காகிறது. ஆகவே ஒருவர் கணக்கில் நேர்ந்த பிழை, சரியாக எழுதிய அண்டை வீட்டுக்காரரின் தொகையையும் குறைக்கும். வாழை சாய்ந்துபோனாலோ, காப்பீடு செய்யாத பயிராதலால் அப்பட்டாதாரருக்கு அதன் பேரில் ஒன்றும் கிடையாது.

இதற்கு மாறாக, அடங்கல் சரியாயிருந்து படம் தவறாயிருப்பின், அத்தவறை எடுத்துக்காட்டக் கையிலுள்ள முதல் ஆதாரமும் அடங்கலே. பிழையான கணக்கோடு மேல்முறையீடு செய்பவரின் வார்த்தை எடுபடாது.

கவனிக்க வேண்டியவை

1. பட்டாதாரர் ஒவ்வொரு பருவத்திலும் நடவு முடிந்த வாரத்திலேயே, சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, நடவுத் தேதி ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, அடங்கலில் எழுதப்பட்டதை நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. ஒரே எண்ணில் இரண்டு பயிர் இருந்தால் பரப்பைப் பிரித்தே எழுதச் செய்ய வேண்டும். வாழைக்கும் நெல்லுக்கும் காப்பீடு தனித்தனியே செய்தல் வேண்டும். நெல்லுக்குக் குடியானவர் பங்குப் பிரிமியம் காரீபில் 2 சதவிகிதம், ராபியில் 1½ சதவிகிதம்; வாழை போன்ற தோட்டப் பயிர்களுக்கு 5 சதவிகிதம் வரை ஆகும்.

3. நேரடி விதைப்புச் செய்தவர் அதனைத் தனியே குறிப்பிடச் சொல்ல வேண்டும். விதைத்த தேதியையும் முளைத்த தேதியையும் குறித்து வைக்க வேண்டும்.

4. நடவின்போதும், தூர் கட்டும்போதும், கதிர் வந்தபோதும் வயலின் மூலையில் நின்று, இடமும் தேதியும் பதியும்படி கைப்பேசியில் ஒவ்வொரு படம் எடுத்து வைத்திருப்பது நல்ல சான்றாகும்.

5. இடஞ்சார்ந்த சேதத்துக்கும், அறுத்துப் பரப்பிய கதிருக்கு நேர்ந்த சேதத்துக்கும் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். எந்தச் சேதம் எந்தப் பயிருக்குச் சேரும் என்பதைப் பருவந்தோறும் வெளியாகும் அறிவிக்கையில் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

6. கிராம நிர்வாக அலுவலர் சென்ற பசலியின் கணக்கைப் பார்த்து எழுதாமல், பயிராய்வின்போது வயலில் நின்று எழுத வேண்டும். தரிசு, அழிவு, பிந்திய நடவு இவற்றை மறைக்காமல் எழுதுவதே குடிகளுக்குச் செய்யும் உபகாரம். நடவு நடவாத நிலத்தை நட்டதாக எழுதினால், நடவு தவறியதற்குரிய இழப்பீட்டையே கிராமம் இழக்க நேரிடும்.

முடிவாக, அமெரிக்கரும் ஐரோப்பியரும் ஜப்பானியரும் இந்தியரும் கூடி வெட்டிய இப்பெருவாய்க்காலின் தண்ணீர் இப்போது கிராமத்தின் எல்லைக்கே வந்திருக்கிறது. தலைமடை வேலையைத் தேசங்கள் செய்திருக்கின்றன. வயல்மடையைத் திறப்பது சர்வே எண்ணும் தேதியும் பயிரும் பிழையின்றி எழுதப்பட்ட ஒரு வரிக் கணக்கே ஆகும். திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் தாலுகாக்களின் பட்டாதாரர்களும் கிராம அலுவலர்களும் வரும் பருவத்திலேயே இதனைச் சரிபார்த்து, தமக்கும் அயலாருக்கும் நேரக்கூடிய நஷ்டத்தைத் தவிர்த்துக் கொள்வார்களாக.